பராக்லேத்தோஸ்: தேற்றுகிறவரா, துணை நிற்கிறவரா, பரிந்து பேசுகிறவரா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைசி இராப்போஜன வேளையில் இயேசு சீடர்களிடம் பேசியதை யோவான் நற்செய்தி 14 முதல் 16 வரையுள்ள அதிகாரங்கள் சொல்கின்றன. தாம் போன பிறகு வரப்போகிற பரிசுத்த ஆவியானவரை அங்கே அவர் ஒரு கிரேக்கச் சொல்லால் குறிப்பிடுகிறார்: பராக்லேத்தோஸ். நம் சபைகளில் வேதபாடத்துக்கு வருகிறவர்கள் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

பராக்லேத்தோஸ் என்பதற்கு நேர்ப்பொருள் என்ன?

‘பரா’ என்றால் பக்கத்தில். ‘கலேயோ’ என்றால் அழைக்கிறேன். இரண்டும் சேர்ந்த இந்தச் சொல்லுக்கு ‘பக்கத்தில் நிற்க அழைக்கப்பட்டவர்’ என்று பொருள். அழைக்கிறவர் இல்லை, அழைக்கப்பட்டவர். இலக்கணப்படி இது செயப்பாட்டு வடிவம். எதற்காக அழைக்கப்பட்டார் என்பதைச் சொல் தன்னளவில் சொல்வதில்லை. அதை இடம்தான் சொல்ல வேண்டும். இத்தனை மொழிபெயர்ப்புகள் வந்ததற்கும் இதுவே காரணம்.

வேதத்தில் எத்தனை இடத்தில் வருகிறது?

புதிய ஏற்பாடு முழுவதிலும் ஐந்தே இடத்தில். யோவான் 14:16, 14:26, 15:26, 16:7 ஆகிய நான்கும் ஆவியானவரைக் குறிக்கின்றன. ஐந்தாவது 1 யோவான் 2:1, அதாவது யோவானின் முதல் நிருபம் (கடிதம்). அங்கே இயேசுவே பராக்லேத்தோஸ். பவுலின் கடிதங்களில் இந்தச் சொல் இல்லை. மத்தேயு, மாற்கு, லூக்காவிலும் இல்லை. யோவானின் பெயரால் வழங்கும் நூல்களுக்கே உரிய சொல் இது.

தமிழில் ஏன் ஒரு பைபிளில் ‘தேற்றரவாளன்’, இன்னொன்றில் ‘துணையாளர்’ என்று இருக்கிறது?

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் யோவான் 14:16 இப்படி வருகிறது: ‘சத்திய ஆவியாகிய வேறொரு தேற்றரவாளனை அவர் உங்களுக்குத் தந்தருளுவார்.’ 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘மற்றொரு துணையாளர்’ என்று இருக்கிறது. கத்தோலிக்கக் கோவில்களில் இன்று வாசிக்கப்படுவது இதுதான். எது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டும் சரி, இரண்டும் பாதி. ‘துணையாளர்’ சொல்லின் நேர்ப்பொருளுக்குக் கிட்டே நிற்கிறது. ‘தேற்றரவாளன்’ அந்தத் துணையால் நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 1 யோவான் 2:1-இல் அதே கிரேக்கச் சொல் வரும்போது பழைய மொழிபெயர்ப்பு அதை மாற்றிவிடுகிறது: ‘ஒருவன் பாவஞ்செய்வானானால் நீதிபரராயிருக்கிற இயேசுகிறிஸ்து நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவராயிருக்கிறார்.’ திருவிவிலியமும் இங்கே ‘பரிந்து பேசுபவர்’ என்றே போடுகிறது. யோவானில் ஒரு சொல், நிருபத்தில் இன்னொரு சொல். தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு இவை இரண்டும் ஒரே பட்டம் என்று தெரியவே வழியில்லை. என் ஆதங்கம் இதில்தான்.

இந்தப் பிளவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள்தான் உண்டாக்கினார்களா?

இல்லை, அது மிகப் பழையது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன் என்ற வேத அறிஞரே இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, ஆவியானவரைப் பற்றி வரும்போது ஆறுதல் தருகிறவர் என்றும் இயேசுவைப் பற்றி வரும்போது பரிந்து பேசுகிறவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். லத்தீனில் ஜெரோம் யோவான் நற்செய்தியில் கிரேக்கச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். லத்தீன் பைபிளில் நிருபத்தில் மட்டும் ‘அத்வகாத்துஸ்’ (பரிந்து பேசுகிறவர்) என்று வந்தது. லுத்தர் ஜெர்மனில் முன்னதை ஆறுதலளிப்பவர் என்றும் பின்னதைப் பரிந்து பேசுகிறவர் என்றும் பிரித்தார். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளும் அதே வழியில் போனது. தமிழுக்கு வந்து சேர்ந்தது இந்த மரபு.

சிரியாக் மொழி பைபிளான பெஷித்தா மொழிபெயர்க்கவே முயலவில்லை. ‘பராக்லீத்தா’ என்று எழுத்தை மட்டும் மாற்றி ஐந்து இடத்திலும் வைத்துவிட்டது. நமக்குப் பக்கத்தில், மலையாளத்தின் சத்தியவேதபுஸ்தகம் வேறொரு நல்ல வழியைக் கண்டது. யோவானிலும் நிருபத்திலும் ‘காரியஸ்தன்’ என்ற ஒரே சொல்லைப் போட்டது. ஒருவர் சார்பாக நின்று அவர் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்று பொருள். ஒரு மலையாளி வாசகருக்கு, ஆவியானவரும் இயேசுவும் ஒரே பட்டத்தைச் சுமக்கிறார்கள் என்பது வாசிக்கும்போதே புலப்பட்டுவிடும்.

இயேசுவின் காலத்தில் சாதாரண மக்கள் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

இதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் சாவி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வழக்காடுகிறவர் தன் வழக்கைத் தானே பேச வேண்டும். தொழில்முறை வக்கீல் என்று ஒருவர் கிடையாது. அதனால் ஊரில் மதிப்புள்ள நண்பர்களையும் உறவினர்களையும் கூட அழைத்துப் போவார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்பார்கள், நடுவர்களிடம் இவருக்காக நல்ல வார்த்தை சொல்வார்கள், கெஞ்சுவார்கள். கி.மு. 343-இல் ஏதென்ஸின் பேச்சாளர் தெமோஸ்தேனஸ் ஆற்றிய ஒரு பேச்சின் தொடக்கத்தில் இவர்களை பராக்லேத்தோய் என்கிறார் (அது பன்மை). இவர்களுடைய கெஞ்சலுக்கெல்லாம் காது கொடுக்காதீர்கள், சட்டத்தைப் பாருங்கள் என்று நடுவர்களை எச்சரிக்கிறார். ஆக, சொல்லுக்கு எப்போதும் நல்ல வாசனை இருந்தது என்று நினைக்க வேண்டாம்.

பியோன் என்ற தத்துவ ஞானியைப் பற்றி ஒரு கதை உண்டு. ஓயாமல் பேசும் ஒருவர் வந்து உதவி கேட்டு நச்சரித்தாராம். ‘நீ கேட்டதைச் செய்கிறேன். ஆனால் நீ வராதே, உனக்காகப் பேச பராக்லேத்தோஸ்களை அனுப்பு’ என்று பதில் சொன்னாராம் பியோன். சொல் தெருவில் எப்படிப் புழங்கியது என்பதை இந்தக் கதை அகராதியைவிட நன்றாகக் காட்டுகிறது.

முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோவும் இந்தச் சொல்லைப் பலமுறை எடுத்தாள்கிறார். யோசேப்பு தன் சகோதரர்களை மன்னிக்கும் காட்சியில், உங்களுக்காக என்னிடம் பேச வேறு பராக்லேத்தோஸ் தேவையில்லை என்று யோசேப்பு சொல்வதாக எழுதுகிறார். இராயனின் (ரோமப் பேரரசரின்) கோபத்தைத் தணிக்கச் செல்வாக்குள்ள ஒருவரைப் பிடிப்பதைப் பற்றி எழுதும்போதும் இதே சொல்தான்.

நம் ஊரில் காவல் நிலையத்துக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ தனியாகப் போகப் பயந்து, தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோமே, அந்தப் பெரியவர்தான் பராக்லேத்தோஸ். அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே எதிரில் இருப்பவரின் குரல் மாறும், நம் குரலுக்கும் பலம் வரும்.

அப்படியானால் ‘வழக்கறிஞர்’ என்று மொழிபெயர்த்துவிடலாமே?

அது ஒரு படி அதிகமாகப் போவதாகும். இன்று வழக்கறிஞர் என்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு வாதாடும் தொழிலாளர். பராக்லேத்தோஸ் தொழில் இல்லை, உறவு. ஆனாலும் நீதிமன்றத்தின் வாடையைச் சொல்லிலிருந்து முழுக்கத் துடைத்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு என்பேன்.

யோவான் நற்செய்தியில் நீதிமன்ற வாடை உண்மையில் இருக்கிறதா? அங்கே ஆறுதல்தானே பேசப்படுகிறது?

பெரும்பாலும் நாம் 14-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடக்க ஆராதனையில் வாசிப்பது அதுதான். ‘உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக’, ‘நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்’ என்ற வசனங்கள் துக்க வீட்டில் எத்தனை பேரைத் தாங்கியிருக்கின்றன! ‘திக்கற்றவர்கள்’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அநாதைகள் என்ற சொல். ஆகவே ஆறுதல் என்ற பொருள் யாரும் இட்டுக்கட்டியது இல்லை.

ஆனால் அடுத்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படியுங்கள். உலகம் உங்களைப் பகைக்கும் என்கிறார். ‘அவர்கள் உங்களை ஜெபஆலயங்களுக்குப் புறம்பாக்குவார்கள், மேலும் உங்களைக் கொலைசெய்கிறவன் தான் தேவனுக்குத் தொண்டுசெய்கிறவனென்று நினைக்குங் காலம் வரும்’ (16:2). அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் 15:26 வருகிறது: தேற்றரவாளன் வரும்போது ‘அவர் என்னைக்குறித்துச் சாட்சிகொடுப்பார்’. உடனே அடுத்த வசனத்தில், நீங்களும் சாட்சி கொடுப்பீர்கள். அப்புறம் 16:8: ‘அவர் வந்து, பாவத்தைக்குறித்தும், நீதியைக்குறித்தும், நியாயத்தீர்ப்பைக்குறித்தும், உலகத்தைக் கண்டித்து உணர்த்துவார்.’ சாட்சி, நீதி, நியாயத்தீர்ப்பு, குற்றத்தை உணர்த்துதல். இவை எல்லாம் வழக்குமன்றத்துச் சொற்கள். சீடர்கள் கூண்டில் நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்க வந்தவரோ வழக்கையே திருப்பி, குற்றம் சாட்டியவர்களைக் கேள்வி கேட்கிறார்.

மற்ற நற்செய்திகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். மாற்கு 13:11-இல், உங்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஒப்புக்கொடுக்கும்போது என்ன பேசுவோம் என்று கவலைப்படாதீர்கள், பேசுகிறவர் பரிசுத்த ஆவியே என்று இயேசு சொல்கிறார். மத்தேயு 10:19, 20-லும் இதே வாக்கு. மாற்கு ஒரு காட்சியாகச் சொன்னதை யோவான் ஒரே பட்டத்தில் அடக்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, நீதிமன்றத்தில் துணை நிற்கிறவர் ஏன் போதிக்கிறார், நினைப்பூட்டுகிறார் (14:26)?

நல்ல கேள்வி. அறிஞர்களும் இதில் முட்டிக்கொள்கிறார்கள். போதிப்பது துணை நிற்கிறவரின் வழக்கமான வேலை இல்லை. யோவான் இந்தச் சொல்லை அகராதிப்படி மட்டும் பயன்படுத்தவில்லை, இயேசு சீடர்களோடு இருந்தபோது செய்த எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றுகிறார். இயேசு போதித்தார், இவரும் போதிப்பார். இயேசு சாட்சி கொடுத்தார், இவரும் கொடுப்பார். 14:16-இல் ‘வேறொரு’ என்று இருப்பதைப் பாருங்கள். வேறொருவர் வருகிறார் என்றால் முதலில் ஒருவர் இருந்தார் என்று அர்த்தம். அந்த முதல் பராக்லேத்தோஸ் இயேசுவே. 1 யோவான் 2:1 அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

இரண்டு பராக்லேத்தோஸ்கள் என்றால் இருவருக்கும் வேலை என்ன வித்தியாசம்?

இயேசு பிதாவுக்கு முன் நமக்காக நிற்கிறார். ஆவியானவர் உலகத்துக்கு முன் நம்மோடு நிற்கிறார். ரோமர் 8:26-இல் ஆவியானவர் ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்’ என்று பவுல் எழுதுவது கருத்தில் நெருக்கமானதுதான். ஆனால் அங்கே இருப்பது வேறு கிரேக்க வினைச்சொல்.

‘தேற்றரவாளன்’ என்ற தமிழ்ச் சொல் பலவீனமானது என்கிறீர்களா?

இல்லவே இல்லை. நாம் அதைப் பலவீனமாகக் கேட்கப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். தேற்றுவது என்றால் கண்ணீரைத் துடைப்பது மட்டுமா? காய்ச்சலில் கிடந்தவருக்கு ‘உடம்பு தேறிவிட்டது’ என்கிறோம். பரீட்சையில் ‘தேறினான்’ என்கிறோம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பேர். தொல்காப்பியத்திலேயே உறுதியைக் காட்டும் ஏகாரத்துக்குத் தேற்ற ஏகாரம் என்று பெயர் உண்டு. பலம் பெறுவது, தெளிவது, உறுதிப்படுவது எல்லாம் இந்த ஒரு வேரில் இருக்கின்றன. போதித்து நினைப்பூட்டுகிற, சத்தியத்துக்குள் நடத்துகிற ஆவியானவருக்கு இதைவிட அழகான தமிழ் வேர் கிடைப்பது கடினம்.

ஒரு எச்சரிக்கையும் நம் பைபிளிலேயே இருக்கிறது. தன் நண்பர்களின் உபதேசத்தைக் கேட்டுச் சலித்துப்போன யோபு சொல்கிறார்: ‘நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ (யோபு 16:2). அதே தமிழ்ச் சொல்! பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்த அக்கில்லா, தெயோதோத்தியோன் இருவரும் இந்த வசனத்தில் ‘பராக்லேத்தோய்’ என்றே போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முந்திய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவாகிந்தில் இருப்பதும் அதே வேரிலிருந்து வந்த ஒரு சொல். யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் துணையாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து அவர்மேல் குற்றம் சுமத்தத் தொடங்கிய பிறகுதான் அலட்டு, அதாவது தொல்லை.

அதே வேரில் வேறு சொற்கள் வேதத்தில் உண்டா?

நிறைய. ‘பராக்கலேயோ’ என்ற வினையும் ‘பராக்லேசிஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் புதிய ஏற்பாடெங்கும் வருகின்றன. இடத்துக்குத் தக்கபடி ஆறுதல், புத்திசொல்லுதல், வேண்டிக்கொள்ளுதல் என்று தமிழில் மாறும். ‘துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்’ என்ற வசனத்திலும், பர்னபா என்ற பேருக்கு ‘ஆறுதலின் மகன்’ என்று விளக்கம் சொல்லும் அப்போஸ்தலர் 4:36-லும் இந்த வேர்தான். 2 கொரிந்தியர் 1:3 முதல் 7 வரை பவுல் இவற்றை மாற்றி மாற்றிப் பத்துமுறை சொல்கிறார்.

யூத மரபில் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது. ரபிகள் கிரேக்கச் சொல்லையே கடன் வாங்கி ‘பிரக்லீத்’ என்றார்கள். ரபிகளின் போதனைத் தொகுப்பான மிஷ்னாவின் பிர்கே ஆவோத் என்ற பகுதியில் ரபி எலியேசர் பென் யாக்கோப் சொல்வதன் சாரம் இது: ஒரு கட்டளையைக் கைக்கொள்கிறவன் தனக்காக ஒரு பிரக்லீத்தைச் சம்பாதிக்கிறான், ஒரு குற்றம் செய்கிறவன் தனக்கு எதிராக ஒரு ‘கத்தேகோரை’ச் சம்பாதிக்கிறான். கத்தேகோர் என்றால் குற்றம் சாட்டுகிறவன். அதுவும் கிரேக்கக் கடன்தான். வெளிப்படுத்தல் 12:10-இல் நம் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சுமத்துகிறவன் என்று சாத்தானுக்குப் பேர் வருவதும் இந்தச் சொல்லால்தான். இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள், யோவான் எந்த மன்றத்தை மனதில் வைத்து எழுதினார் என்று தெரியும். இன்றைய இஸ்ரேலில் வழக்கறிஞருக்கு வழங்கும் பெயர்களில் பிரக்லீத்தும் ஒன்று.

‘அவர்’ என்று ஆண்பாலில் வருவதால்தான் ஆவியானவர் ஒரு ஆள் என்று நிரூபணமாகிறது என்று பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?

அந்த வாதத்தில் சாய வேண்டாம். கிரேக்கத்தில் ஆவி என்பதற்கான ‘நியூமா’ ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, நம் அஃறிணைபோன்றது. பராக்லேத்தோஸ் ஆண்பால். அதற்கேற்பச் சுட்டுச்சொல்லும் ஆண்பாலில் வருவது இலக்கண ஒழுங்கு. சிரியாக்கில் ஆவி என்ற சொல் பெண்பால். ஆவியானவர் ஆள்தன்மை உள்ளவர் என்று நம்ப, போதிக்கிறார், நினைப்பூட்டுகிறார், சாட்சி கொடுக்கிறார் என்ற அவருடைய செயல்களே போதும்.

‘பராக்லேத்தோஸ்’ என்பது முதலில் ‘பெரிக்லுத்தோஸ்’ என்று இருந்தது, அது முகம்மது நபியைக் குறித்தது என்கிறார்களே?

குர்ஆன் 61:6-இல், தமக்குப் பின் அஹ்மத் என்ற பேருடைய தூதர் வருவார் என்று இயேசு அறிவிப்பதாக வருகிறது. அஹ்மத் என்றால் மிகவும் புகழத்தக்கவர். கிரேக்கத்தில் பெரிக்லுத்தோஸ் என்றால் புகழ்பெற்றவர். இந்த இரண்டையும் இணைத்து எழுந்த கருத்து இது. இஸ்லாமியர் தங்கள் வேதத்தின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் இங்கே விவாதிக்கவில்லை. கையெழுத்துப் படிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரிக்லுத்தோஸ் என்று வாசிக்கும் யோவான் நற்செய்திக் கிரேக்கப் படி ஒன்றுகூட இல்லை. கி.பி. 200-ஐ ஒட்டியது என்று பொதுவாகக் கருதப்படும் பாப்பிரஸ் 66-உம், நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் படிகளும் நபியின் காலத்துக்கு மிக முந்தியவை. அரபி, எபிரெயம் போல உயிரெழுத்தை விட்டு எழுதும் வழக்கம் கிரேக்கத்துக்கு இல்லை. ஆகவே ஒன்றை மற்றொன்றாகப் படிக்க மூன்று உயிரெழுத்துகள் மாறியாக வேண்டும்.

கிறிஸ்தவர்களிலேயே ‘நான்தான் பராக்லேத்தோஸ்’ என்று சொன்னவர்கள் உண்டா?

உண்டு. இன்றைய துருக்கியிலுள்ள பிரிகியாவில் இரண்டாம் நூற்றாண்டில் மொந்தானுஸ் என்பவர், பராக்லேத்தோஸ் தம் வழியாகப் பேசுகிறார் என்றார். லத்தீன் எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்த இயக்கத்தின் பக்கம் சாய்ந்தார். மூன்றாம் நூற்றாண்டில் மானி தன்னோடு பராக்லேத்தோஸ் இணைந்தார் என்று போதித்து ஒரு மதத்தையே நிறுவினார். அகுஸ்தீன் இளமையில் அதில் சில ஆண்டுகள் இருந்தார். இன்றும் யாராவது இப்படிச் சொன்னால் 16:14-ஐ எடுத்துப் பாருங்கள். வருகிறவர் இயேசுவை மகிமைப்படுத்துவார் என்றிருக்கிறது.

சாதாரண மனிதரை இந்தப் பட்டத்தால் அழைத்ததுண்டா?

கி.பி. 177-இல் பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். வெத்தியுஸ் எப்பகாத்துஸ் என்ற இளைஞர், ஊரில் பேர் பெற்றவர், கூட்டத்திலிருந்து எழுந்து தன் சகோதரர்களுக்காகப் பேச அனுமதி கேட்டார். இவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று காட்டுவதாகச் சொன்னார். கூட்டம் கூச்சல் போட்டது. ஆளுநர் அவருடைய வாதத்தைக் கேட்கவில்லை. நீயும் கிறிஸ்தவனா என்று ஒரே கேள்வி கேட்டார். ஆமாம் என்று உரத்த குரலில் சொன்னார். அவரையும் அவர்களோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் சபை எழுதிய கடிதத்தைச் சபை வரலாற்று ஆசிரியர் யூசேபியுஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். அதில் இவரை ‘கிறிஸ்தவர்களின் பராக்லேத்தோஸ்’ என்று அழைக்கிறார்கள். பராக்லேத்தோஸைத் தனக்குள் கொண்டிருந்தவர் என்றும் சேர்க்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு நான் படித்த விளக்கங்களிலேயே இதுதான் என் மனதில் நிற்பது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆதிச் சபையின் ஒழுங்கு நூலான திதக்கே, மரணத்தின் வழியில் நடக்கிறவர்களைப் பட்டியலிடுகிறது. அதில் ‘பணக்காரருக்குப் பராக்லேத்தோஸ்கள், ஏழைகளுக்கு அநியாய நீதிபதிகள்’ என்று ஒரு வரி வருகிறது. யார் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்பதையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எந்த வரிசையில் வாசித்தால் நல்லது?

முதலில் மாற்கு 13:9 முதல் 11 வரை. அப்புறம் யோவான் 15:18-இல் தொடங்கி 16:15 வரை அதிகாரப் பிரிவில் நிற்காமல் ஒரே மூச்சில். அதன் பிறகு 14-ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். கடைசியாக 1 யோவான் 1:8 முதல் 2:2 வரை. உங்கள் பைபிளில் 2:1-இல் ‘பரிந்து பேசுகிறவர்’ என்ற இடத்துக்கு ஓரமாகப் பென்சிலால் ‘யோவான் 14:16’ என்றும், 14:16-இன் ஓரத்தில் ‘1 யோவான் 2:1’ என்றும் எழுதி வையுங்கள்.